கொள்ளிடக்கரைக் கோயிலுக்குக் கிள்ளான் உப்பு

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். முன்னால் நின்றவர்கள் பெட்டியிலெல்லாம் சாக்லெட், தைலம், டார்ச் லைட் என்று கடையே இருந்தது. என் பெட்டியில் புடவைகள், ஜெபமாலை, பிளாஸ்டிக் கவரில் ஒரு உப்புப் பொட்டலம்.

பரிசோதித்த பெண் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா இது?"

"உப்பு" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன் போல. அவள் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

"இந்தியாவுல உப்பு கிடைக்காதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நல்ல பெண். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புதான். ஒழுகுது பாருங்க, இன்னொரு கவர் போட்டுக் கட்டுங்க" என்று அவளே ஒரு கவர் கொடுத்தாள்.

அந்த உப்பு எதற்கென்று அங்கே நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்குச் சர்க்கரை. மலேசியாவில், எங்கள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற பாதத்தில் உணர்ச்சி இல்லை, வெந்நீர் பட்டாலும் தெரியாது. நினைவில்லாமல் கிடந்தவர் கண் திறந்ததும், "அந்தோணியாருக்கு உப்பு நேர்ந்துட்டேன், போடணும்" என்றார். அதற்கப்புறம்தான் தண்ணீர் கேட்டார். அவரால் இனி வர முடியாது. "நீ போய்ப் போட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

அவர் பிறந்தது திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தின் அக்கரையில் ஒரு சின்ன ஊர். நான் பிறந்தது கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இந்தியாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ஊர்க் கோயிலை எனக்குத் தெரியும். கல்யாணமான நாள் முதல் அவர் வாயில் அந்தக் கோயில்தான். சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கோபுரம். கோபுரத்துப் பொந்துகளில் கிளி. பீடத்துக்கு மேலே நீலக் கண்ணாடி, காலை வெயிலில் பூசை வைக்கும் சாமியார் தாடி நீலமாகிவிடுமாம். இடது பக்கச் சுவரில் ஒரு மாடத்தில் அந்தோணியார் சுரூபம். அதற்குக் கீழேதான் உப்பு.

செவ்வாய்க்கிழமை தோறும் சனங்கள் அங்கே உப்பு கொண்டுவந்து கொட்டுவார்கள். உப்பு கரைகிற மாதிரி கஷ்டம் கரையும் என்று நம்பிக்கை. இந்துக்களும் வருவார்கள். கடையில் வாங்கின உப்பு ஆகாது, அவரவர் வீட்டு உப்பு ஜாடியிலிருந்து அளக்காமல் அள்ளிக்கொண்டு வரவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கஷ்டம் எந்த வீட்டிலேயோ உப்பும் அந்த வீட்டிலிருந்துதான் போகணும் என்பாராம் என் மாமியார். எத்தனையோ காலமாக உப்பு ஊறி ஊறி அந்த இடத்தில் தரை உடைந்து மண் தெரிந்துவிட்டதாம். பித்தவெடிப்புக் காலோடு அதில் நின்றால் எரியும். சின்ன வயதில் இவரும் கூட்டாளிகளும் வேண்டுமென்றே அங்கே நின்று, யார் அதிக நேரம் தாங்குவது என்று பந்தயம் கட்டி, கடைசியில் தவளை மாதிரிக் குதித்துக்கொண்டு ஓடுவார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கிக் காட்டுவார்.

பிறகு ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. சனங்கள் மேட்டுக்குக் குடிபோய், ரோட்டோரம் புதுக்கோயில் கட்டிக்கொண்டார்கள். பழைய கோயிலில் பூசை நின்றுபோயிற்று. சுரூபமும் புதுக்கோயிலுக்குப் போய்விட்டது. உப்பு மட்டும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை யாராவது காலி மாடத்துக்குக் கீழே கொட்டிவிட்டுப் போவார்கள். இவர் கடைசியாகத் தன் அம்மா அடக்கத்துக்கு வந்தபோது போய்ப் பார்த்திருக்கிறார். "கூரை விழுந்து மழை உள்ள பெய்யுது. ஆனா அழகு குறையல" என்று திரும்பி வந்து சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

திருச்சி மன்னார்புரத்தில் இவருடைய அண்ணன் மகன் ஆரோக்கியராஜ் வீடு. அவன் மனைவி செல்வி. வாசலிலேயே என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "அத்தை, கைய கழுவுங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். மீன் குழம்பு. எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய்ப்பால் இல்லாமல் நடக்காது, செல்வி குழம்பில் புளியும் மிளகாயும்தான் பேசின. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டேன். அப்புறம் தே, இங்கே டீ என்கிறார்கள். எங்கள் ஊரில் தே மக் நிறைய வரும். இங்கே விரல் உயர டம்ளர். குடித்ததும் பயணக் களைப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

சாயந்தரம் கிள்ளானிலிருந்து மகள் போன் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள்.

"கோயிலுக்கு எப்பப் போற?" என்றார் எடுத்த எடுப்பில்.

"வர்ற செவ்வாய்க்கிழமைங்க" என்றேன்.

போனை வைத்ததும் ஆரோக்கியராஜ் டிவியை நிறுத்தினான். செல்வி அடுப்படிக்குள் போய்விட்டாள். 

"சித்தி, ஒன்னு சொல்லணும். அந்தக் கோயில எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா?"

"இடிச்சாச்சு சித்தி."

கோபுரத்தில் விரிசல் விட்டு, ஒருநாள் மேலேயிருந்து சரிந்து விழுந்ததில் ஒரு மாடு செத்துப்போயிற்றாம். நாளைக்கு மனுஷன் செத்தால் யார் பதில் சொல்வது என்று ஊர்க்கூட்டம் போட்டார்களாம். செப்பனிட ஆகும் செலவைக் கேட்டுவிட்டு யாரும் வாய் திறக்கவில்லை. இடிக்கலாமா என்று கேட்டபோது எல்லோரும் கைதூக்கினார்கள்.

"நானும் கைதூக்கினேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "சித்தப்பா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாரு. எப்படிச் சொல்றது? அவருகிட்ட நீங்களும் சொல்லிராதீங்க சித்தி. தாங்க மாட்டாரு."

 எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினேன். கண்ணால் பார்த்த கோயிலென்றால் அழலாம். பார்க்காத கோயிலுக்கு எப்படி அழுவது?

மறுநாள் செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கத்தை, மலைக்கோட்டைப் பக்கம் போய்ட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். கிள்ளானில் லிட்டில் இந்தியா என்று எங்கள் கடைத்தெரு ஒன்று உண்டு. அதைக் கூட்டம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே மலையடிவாரச் சந்துகளில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நடத்திக்கொண்டு போகிறது. துணிக்கடைக்காரர்கள் வாசலில் நின்று, "வாங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறார்கள். பார்க்காமல் போனால் ஒருவர் செல்வியிடம், "உங்கம்மாவுக்கு எங்க மேல என்ன கோபம்?" என்றார். கோபமே இல்லை என்று காட்டுவதற்காக ஒரு துண்டு வாங்கினேன்.

திரும்பும் வழியில் உயரமான ஒரு கோயில் கோபுரம் தெரிந்தது. நம் கோயில்தான் என்று செல்வி உள்ளே கூட்டிப்போனாள். பெரிய கோயில், நிறைய வண்ணக் கண்ணாடி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, பூ மணம், மெழுகுத்திரி மணம், ஒரு மூலையில் பிள்ளைகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் மண்டியிட்டதும் என் கண் இடது பக்கச் சுவரில் மாடத்தைத் தேடியது. இல்லை. அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். செல்வி பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் போனில் நான் மீன் குழம்பைப் பற்றிச் சொன்னேன். டம்ளரைப் பற்றிச் சொன்னேன். துண்டுக் கடைக்காரரைப் பற்றி, ஆட்டோவைப் பற்றி, சந்தில் எங்களுக்குக் குறுக்கே வந்த காளையைப் பற்றி.

கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீ நாலு வார்த்தைக்கு மேல பேசி நான் பாத்ததில்லையே. இன்னைக்கு என்ன?" என்றார்.

"ஒன்னுமில்லீங்க. ஊரு அப்படி" என்றேன்.

வெறும் இடமாக இருந்தாலும் அதைப் போய் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆரோக்கியராஜ், செல்வி வேலையைக் கெடுக்க எனக்கு மனசில்லை. தனியாகப் போய்வருகிறேன் என்றேன். செல்வி பஸ் ஏற்றிவிட்டு, கொள்ளிடம் தாண்டி டோல்கேட்டில் இறங்க வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

கண்டக்டர் வந்ததும் பணத்தை நீட்டினேன். அவர் டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். பணத்தை மறுபடி நீட்டினேன்.

"பொம்பளைங்களுக்குக் காசு இல்லம்மா."

எனக்குப் புரியவில்லை. நான் கொடுத்த நோட்டு செல்லாதது போலிருக்கிறது என்று நினைத்து வேறொன்றை எடுத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எந்த ஊரும்மா நீங்க? இனாமா குடுத்தா வாங்கிக்கத் தெரியலையே" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டுப் பெண், "அவங்களுக்காவது வெக்கம் இருக்கு, உனக்கு ஏன்யா பொறாமை" என்று அவரை ஒரு போடு போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் கார்டைத் தட்டிவிட்டுப் பேசாமல் உட்காருவோம், பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. இங்கே ஒரு டிக்கெட்டுக்குள் நான் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டேன். அந்த வெட்கத்தில் இறங்கும் இடத்தைக் கேட்கவே வாய் வரவில்லை. பாதி பஸ் ஓரிடத்தில் இறங்கியது. நானும் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மலையைச் செதுக்கி நிறுத்தின மாதிரி ராஜகோபுரம். ஸ்ரீரங்கத்தில் நிற்கிறேன்.

கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். பூக்கடைகளில் தாமரையும் துளசியும் குவிந்திருந்தன. காபி மணம் வந்த பக்கம் போய் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மடிசார் கட்டின ஒரு மாமி காய்கறிப் பையோடு காபி ஆற்றிக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்து, "வெளியூரா? பெருமாளைச் சேவிச்சேளா?" என்றார்.

நான் வேதக்காரி, வேறொரு கோயிலுக்கு வந்தேன், இடம் தவறி இறங்கிவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். எந்தக் கோயில் என்று கேட்டார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு பழைய அந்தோணியார் கோயில், இப்போது இல்லையாம் என்றேன்.

மாமி டம்ளரைக் கீழே வைத்தார். "வெள்ளையா, ஒசரமா, ஒத்தைக் கோபுரமா?"

ஆமென்று தலையாட்டினேன். நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஆட்டினேன்.

"எழுந்திருங்கோ" என்று என் கையைப் பிடித்தார். வடக்குப் பக்கத் தெருவில் அவர் வீடு. மொட்டை மாடிக்குப் படியேறும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மேலே கொடியில் துணி காய்ந்தது. தூரத்தில் கொள்ளிடத்து மணல், அதற்கப்பால் மரங்கள்.

"அந்தத் தென்னைக்கும் டவருக்கும் நடுவுல பாருங்கோ. அங்கதான் நின்னுண்டிருந்தது" என்றார். "நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து பாக்கறேன். எந்த ஸ்வாமின்னு கூட நேக்குத் தெரியாது. கார்த்தால துணி உணர்த்த வந்தா, வந்துட்டியான்னு கேக்கற மாதிரி நிக்கும். ஒருநாள் வந்தேன், வெறும் ஆகாசம். அன்னிக்குச் சாதம் எறங்கலை. ஆத்துல எல்லாரும் கேலி பண்ணினா. பாட்டிக்குச் சர்ச் போயிடுத்துன்னு துக்கமாம்னு."

நாங்கள் இரண்டு பேரும் தென்னைக்கும் டவருக்கும் நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மாமியிடம் நான் துக்கம் விசாரிக்க வந்தவளா, அவர் என்னிடம் விசாரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. போகும்போது ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். அக்கரைக்குப் போக அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. மன்னார்புரத்துக்கே திரும்பினேன். "இந்தம்மாவ மன்னார்புரத்துல எறக்கி விடுங்கோ, மறந்துடாதீங்கோ" என்று கண்டக்டரிடம் மாமி போட்ட சத்தத்தில் பஸ் மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை காலையில் வீடு முழுக்க எலுமிச்சை மணம். செல்வி ஊறுகாய் போட்டிருந்தாள். ஜாடியைத் தூக்கிக் காட்டி, "அத்தை, உங்க மலேசியா உப்பு நல்ல கல்லுப்பு. கவர் ஒழுகி அலமாரியெல்லாம் ஈரம். வீணாப் போகுதேன்னு ஊறுகாய்க்குப் போட்டுட்டேன். மிச்சத்த நம்ம உப்பு ஜாடியில கொட்டிட்டேன்" என்றாள்.

நான் சரி என்றேன்.  நேர்ச்சை உண்டென்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் உப்பைக் கடல் தாண்டி எடுத்து வந்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. கோயிலே இல்லை என்றான பிறகு உப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று இருந்துவிட்டேன். கட்டிலில் போய் உட்கார்ந்தேன். கோயிலும் இல்லை, உப்பும் இல்லை. இவரிடம் எதைச் சொல்வேன்?

அன்றைக்குச் சாயந்தரம் போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். செல்வி எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வெளியே வரும்போது இவர் குரல் கேட்டது.

"செல்வி, நாளைக்குச் செவ்வாய்க்கிழமைல்ல. உங்க அத்தை கொண்டாந்த வீட்டு உப்பு நனையாம இருக்கா? அத நானே ஜாடியிலேருந்து அள்ளிக் குடுத்தேன்மா. சக்கர நாற்காலியிலேயே அடுப்படிக்குப் போய்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தேன்.

"ஜாடியில பத்திரமா இருக்கு மாமா" என்றாள் செல்வி. 

போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் அத்தை சொல்லல? சாமி உப்புல ஊறுகா போட்ட மடச்சி உலகத்துலேயே நான் ஒருத்திதான்." ஆரோக்கியராஜ் வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது என்னவோ பேச வந்தது. "ஜாடியில கலந்துதானே இருக்கு. இதுவும் அவரு வீடுதான். இதுலேருந்தே அள்ளிக்கிறேன்" என்றேன்.

 ஆரோக்கியராஜ் அடுப்படிக்குள் போய்க் கை கழுவிவிட்டு வந்தான். "நான் அள்ளித் தரவா சித்தி?" என்றான். கோயிலை இடிக்கத் தூக்கின அதே கை என்று நான் நினைக்கவில்லை, அவன்தான் நினைத்திருப்பான். ஜாடிக்குள் கைவிட்டு அளக்காமல் அள்ளி என் புதுத் துண்டில் போட்டான்.

மறுநாள் அவன் அரைநாள் லீவு போட்டான். மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். காவிரியில் தண்ணீர் ஓடியது. ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தில் ஏறினால் மணலும் நாணலும்தான். மாமியின் மாடி எதுவென்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், தெரியவில்லை.

ரோட்டோரப் புதுக்கோயிலில் முதலில் நிறுத்தினார்கள். பளபளவென்று டைல்ஸ். அந்தோணியார் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றார், பழைய சுரூபத்துக்குப் புது பெயிண்ட். காலடியில் ஒரு பிளாஸ்டிக் டப். தரை கெட்டுவிடும் என்று உப்பு போட அதை வைத்திருக்கிறார்கள். "இங்கேயே போட்டுரலாம் சித்தி, சுரூபம் அதே சுரூபந்தானே" என்றான் ஆரோக்கியராஜ். நியாயந்தான். டப்புக்கு முன்னால் நின்றேன். துண்டின் முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்க வரவில்லை. செல்வி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அத்தையப் பழைய எடத்துக்குக் கூட்டிப் போங்க" என்றாள்.

ஆற்றங்கரைப் பக்கம் வண்டிப்பாதை. அது முடிந்த இடத்தில் ஒரு திடல். மழை பெய்து புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஓரத்தில் பனைமரங்கள். ஒரு செங்கல் கிடையாது. இங்கே கோயில் இருந்தது என்று சொன்னால் குழந்தைகூட நம்பாது.

செருப்பைக் கழற்றினேன்.

"முள்ளு கிடக்கும் சித்தி."

"கோயில்ல செருப்போட எப்படி நடக்கிறது?" என்றேன்.

புல்லுக்குள் நடந்தேன். எது வாசல், எது பீடம் என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன். ஆறு இந்தப் பக்கம், காலை வெயில் அந்தப் பக்கம். அப்படியானால் இடது சுவர் எங்கே? ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சொன்னதெல்லாம் கோயிலுக்குள் நின்று சொன்னது. கோயில் இல்லாமல் அவர் சொன்ன இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

திடலின் நடுவில் ஆடுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. குச்சியோடு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், அதுகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "யாரும்மா? எடம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

கோயிலைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"நல்லா வந்தீங்க. கல்யாணத்துக்கு வான்னா கருமாதிக்கு வந்தவங்க மாதிரி" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நாங்களும் மாரியம்மனுக்குப் போற வழியில இவரையும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவோம். இப்ப எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடறதுன்னு தெரியல."

ஆட்டை ஏன் திட்டுகிறாள் என்று செல்வி கேட்டாள்.

"இவ்ளோ புல்லு கெடக்கு பாருங்க. திங்காதுங்க. இந்தக் கட்டாந்தரைய விட்டு நகராதுங்க. மண்ண நக்கிக்கிட்டே நிக்கிதுங்க. என்ன பேயோ."

ஆடுகளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் மண். சுற்றிலும் புல் மண்டிக் கிடக்க, அந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சைகூட இல்லை. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதில் காலை வைத்தேன். மழை ஈரம் இன்னும் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பித்தவெடிப்பு வழியாக ஒரு எரிச்சல் ஏறியது பாருங்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வீட்டு உப்பு! எத்தனை வீட்டுக் கஷ்டம்! சுவரைத் தள்ளினவர்களால் இதைத் தள்ள முடியவில்லை.

துண்டை அவிழ்த்து உப்பைக் கொட்டினேன். ஆரோக்கியராஜும் செல்வியும் மண்டியிட்டார்கள். நாங்கள் சிலுவை போட்டு முடிப்பதற்குள் ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு வந்து கிள்ளான் உப்பையும் மன்னார்புரத்து உப்பையும் சேர்த்து நக்க ஆரம்பித்தன.

"ஐயையோ, உங்க வேண்டுதல என் ஆடு திங்குதே" என்று அந்தப் பெண் குச்சியை ஓங்கினாள். விடுங்கள் என்று கையைப் பிடித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்விக்கும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. செவ்வாய்க்கிழமை என்று காத்திருந்திருக்கிறார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேங்க. நீங்க சொன்ன எடத்துலேயேதான். சுத்தி எல்லாம் புல்லு மண்டிக் கெடக்கு. அந்த எடத்துல மட்டும் ஒன்னுமே மொளைக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.  பக்கத்தில் ஒரு ஆடு கத்தியது.

"கோயிலுக்குள்ள எப்படிப் புல்லு?" என்றார்.

ஆரோக்கியராஜ் போனுக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"கோயில் இல்லீங்க" என்றேன்.

அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் மகள் என்னப்பா, என்னப்பா என்கிறாள்.

"கோபுரம்?"

"இல்லீங்க."

"நீலக் கண்ணாடி?"

"இல்லீங்க."

ரொம்ப நேரம் கழித்து, "கிளி?" என்றார்.

நிமிர்ந்து பனைமரத்தைப் பார்த்தேன். "கிளி இருக்குங்க. பனையில இருக்கு. சத்தம் போடுது."

போனை உயர்த்திப் பிடித்தேன். கேட்டிருக்குமா தெரியாது. மறுபடி காதில் வைத்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"செருப்பு போட்டிருக்கியா?"

"இல்லீங்க. வெறுங்காலுதான்."

"எரியுதா?"

"எரியுதுங்க."

"நெசமா?"

"குதிக்கணும் போல இருக்குங்க."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

"சரி" என்றார். "கொஞ்ச நேரம் நில்லு. எனக்கும் சேத்து நில்லு."

நின்றேன். ஆடு ஒன்று வந்து என் பாதத்தை நக்கியது.